காற்றுப் பிஸ்டலுக்குச் செருப்பு றப்பர்

குலசிங்கத்தின் இடது கையில் ஒரு பழைய றப்பர்ச் செருப்பு, வலது கையில் பாதியாக உடைத்த சவரப் பிளேட். செருப்பின் குதிப்பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை வைத்து, பென்சிலால் வட்டம் கீறி, நாக்கின் நுனியைக் கடைவாயில் நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு அந்த வட்டத்தை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதிரையில் அவருடைய சகோதரியின் மகள் கோசலா இருந்தாள். அவளும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் காரணம் வேறு.

வாசகரே, இந்த மனிதரை உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊரில் அவர் பெயர் குலசிங்கமாக இல்லாமல் இருக்கலாம். அவர் எங்கள் யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்துக் கரம்பொன்னில் இல்லாமல் கனடாவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் குடியிருக்கலாம். ஆனால் இனம் ஒன்றுதான். நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘இது காணும்’, அதாவது ‘இதுவே போதும்’, இனம். ஒரு சாமான் பழுதானால் ஊர் உலகத்தில் உள்ளவர்கள் அதற்குரிய உதிரிப்பாகத்தைத் தேடுவார்கள். இந்த இனத்தவர் அதற்கு உரியதல்லாத ஒன்றைத் தேடுவார்கள். தேடிக் கண்டுபிடித்து, சீவி, சுரண்டி, சூடாக்கி, நூல் சுற்றி, உள்ளே தள்ளி, இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்து, இரண்டே சொல் சொல்வார்கள்: “இது காணும்.”

குலசிங்கம் வீட்டுக்குப் போனால் நீங்களே பார்க்கலாம். காற்றாடியின் விசைக்குப் பற்பசை மூடி. படலையின் பிணைச்சலுக்குச் சைக்கிள் ரியூப். அலுமாரிக் கதவின் கைபிடி ஒரு காலத்தில் சோற்றுக் கரண்டி. சுவர் மணிக்கூட்டின் பெரிய முள் எப்போதோ விழுந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஓர் ஈர்க்கு ஓடுகிறது. இறங்கும்போது வேகமாக இறங்கும், ஏறும்போது களைத்துப்போகும். அந்த வீட்டில் நேரம் கேட்டால் அவர் மனைவி இலட்சுமிப்பிள்ளை முற்றத்து நிழலைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள்.

இந்த இனம் எப்படி உண்டானது? நியாயமாகச் சொல்ல வேண்டும். யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் தீவுகளை விட்டு இடம்பெயர்ந்து மானிப்பாயிலும் சண்டிலிப்பாயிலும் ஒண்டியிருந்த நாட்களில், பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சவர்க்காரம் இல்லை, ஒரு வாசர் கூட இல்லை. அப்போது இவர்கள்தான் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள், ஜாம் போத்தலுக்குள் திரி விட்டு விளக்குக் கொளுத்தினார்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் நானே ஒரு பிள்ளைப்பேறு பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது மூளை. மறுக்க மாட்டேன். ஆனால் தடை எடுத்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன. இவர்களுக்கு மட்டும் அதை ஒருவரும் சொல்லவில்லை.

இவர்களிடம் இன்னொரு குணம் உண்டு. அதையும் கவனித்து வையுங்கள், பிறகு தேவைப்படும். இந்த இனத்தவருக்கு ‘ஒறிஜினல்’ என்ற சொல் மூலஸ்தானத்தில் உச்சரிக்கும் சொல். கடையில் வாங்கிய உரிய உதிரிப்பாகம் ஒன்று தற்செயலாகக் கைக்கு வந்தால், அதை அதற்குரிய இடத்தில் போட மாட்டார்கள். அது வீண் செலவு. அதை எடுத்து ஒளித்து வைப்பார்கள். எதற்கு? முக்கியமான ஒரு தேவைக்கு. என்ன தேவை? அது வரும்போது தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை பின்னேரம். வெட்டிய வட்டம் போக வேண்டிய இடம் ஒரு காற்றுப் பிஸ்டல்.

பயப்பட வேண்டாம். இது விளையாட்டுக்கு உரியது. மேலே உள்ள நெம்பியைத் திறந்து மூடினால் உள்ளே காற்று அமுங்கி நிற்கும். விசையை இழுத்தால் அந்தக் காற்று மிளகளவு ஈயக்குண்டொன்றைத் தள்ளிப் பத்து மீற்றர் தூரத்திலுள்ள கடதாசி வட்டத்தைத் துளைக்கும். ஒரு ஆளைக் கொல்லாது. கண்ணைக் கெடுக்கும். ஆகவே விளையாட்டுப் பொருளும் அல்ல. யாழ்ப்பாணத்திலுள்ள கழகம் ஒன்று அனுமதிப் பத்திரத்தோடு அதைக் கோசலாவுக்குக் கொடுத்திருந்தது. கோசலா தபாற்கந்தோரில் வேலை செய்பவள், முப்பத்தெட்டு வயது, இடக்கைக்காரி. பகல் முழுக்க முத்திரை குத்தும் அதே கையால் குறி பார்ப்பாள். அரச ஊழியர் போட்டியில் நாற்பது சூட்டில் முந்நூற்று நாற்பது புள்ளி எடுத்தால் மாகாண அணியில் இடம். போன வருடம் அவள் எடுத்தது முந்நூற்று முப்பத்தொன்று. இந்த வருடப் போட்டி மறுநாள் சனிக்கிழமை காலை. பிஸ்டலோ அன்று காலைப் பயிற்சியில் மூச்சு விட்டுவிட்டது.

வேறொன்றை இரவல் வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கழகத்திலுள்ள மற்றப் பிஸ்டல்கள் எல்லாம் வலக்கைப் பிடி. திருத்தத் தெரிந்தவர் கொழும்பில். சாமானை வைத்திருப்பதோ குலசிங்கத்தின் வீட்டில், ஏனென்றால் பூட்டக்கூடிய இரும்பு அலுமாரி அங்கேதான் இருக்கிறது. தாய்மாமன் “தா, நான் பாக்கிறன்” என்று கையை நீட்டினால் எந்த மருமகள் மாட்டேன் என்று சொல்வாள்? அவள் செய்யக்கூடியதைச் செய்தாள். எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் அடுத்த வளவு.

நான் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள். எங்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தந்தது ஒன்றுதான்: முதலில் கேள், பிறகு பார், அதற்குப் பிறகுதான் தொடு. ‘இது காணும்’ இனம் இதைத் தலைகீழாகச் செய்யும். தொட்டுக் கழற்றிவிட்டுப் பார்க்கும். கேட்பதே இல்லை.

“குண்டு உள்ளுக்கு இருக்கோ?” என்றேன்.

“இல்லை அக்கா,” என்றார் குலசிங்கம்.

“பாத்தனீரோ, நினைச்சனீரோ?”

பார்த்தார். இல்லை. பிஸ்டலின் குழாய் வாயை மதிற்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

“எங்கையாலை காத்துப் போகுது?”

“உதிலை பாக்க என்ன கிடக்கு? காத்தை அடைக்கிற றப்பர்ச் சீல் பழுதாப் போட்டுது.”

“எந்தச் சீல்?”

“சீல்தான்.”

“உள்ளுக்கு ஒரு சீலோ ரண்டோ?”

“ரண்டு. தள்ளுற தண்டிலை பெரிசு ஒண்டு. குழாய்க்குக் காத்து விடுற வால்விலை சின்னன் ஒண்டு.”

“எது பழுது?”

“சின்னனைத்தான் கழட்டினனான்.”

“ஏன்?”

“அது கழட்டச் சுகம்.”

கால் வீங்கி வந்தவனுக்குக் கையில் கட்டுப் போடுவது இந்த இனத்தின் வைத்திய முறை. கை கிட்ட இருக்கிறது அல்லவா?

நோயாளியின் வரலாற்றைக் கோசலாவிடம் கேட்டேன். “பிள்ளை, பழுதாகேக்கை என்ன செய்தது?”

“முந்தி நெம்பியை மூடேக்கை கை நோகும் அன்ரி. ஒரு கிழமையா லேசாகிக்கொண்டு வந்தது. இண்டைக்குக் குசினி அலுமாரிக் கதவு மாதிரிச் சும்மா மூடுது.”

“குழாய் வாயாலை காத்து வந்ததோ?”

“இல்லை. உள்ளுக்கைதான் ஒரு இரைச்சல்.”

அப்படியென்றால் பழுதானது பெரிய சீல். சின்னது நல்ல சுகத்தோடு இருந்திருக்கிறது. அந்தச் சுகதேகியைத்தான் குலசிங்கம் குறட்டால் பிடித்து இழுத்து, இழுத்த இழுவையில் இரண்டாக்கி, அதன் இடத்தில் செருப்பு றப்பரை வைத்திருந்தார். நான் பையிலிருந்து ஒரு பஞ்சுத் திரியை எடுத்துக் குழாய் வாயில் ஒட்டவைத்தேன். நெம்பியைக் கோசலா மூடினாள். பஞ்சு ஆடியது. காதுக்குழலைப் பிஸ்டலின் உடம்பில் வைத்துக் கேட்டேன். உள்ளே ஆஸ்துமாக்காரரின் நெஞ்சு.

“காலமை ஒரு இடத்தாலை போனது. இப்ப ரண்டு இடத்தாலை போகுது,” என்றேன்.

“கொஞ்சம் பொறுங்கோ அக்கா. பெரிசும் போட்டால் சரி,” என்று குலசிங்கம் வெட்டி முடித்த வட்டத்தைத் தூக்கிக் காட்டினார். “நயினாதீவு லோஞ்ச் எஞ்சினுக்கே நான் சேலைன் குழாய் போட்டு ஓட்டினனான். உது என்ன.”

“அந்த லோஞ்ச் கரைக்கு வந்ததோ?”

“வந்தது.”

“எப்பிடி வந்தது எண்டும் சொல்லுங்கோவன்,” என்று குசினிக்குள்ளிருந்து இலட்சுமிப்பிள்ளையின் குரல் வந்தது.

“மற்ற லோஞ்ச் இழுத்துக்கொண்டு வந்தது,” என்றார் குலசிங்கம்.

பெரிய வட்டத்தையும் போட்டார். நல்லெண்ணெய் தடவினார். இரண்டு அடி பின்னால் போனார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். கோசலா மண்மூட்டைக்கு முன்னால் அட்டையைக் குத்தி, பத்து மீற்றர் நடந்து வந்து நின்று, இடக்கையை நீட்டி, ஒழுங்காகக் குறி பார்த்துச் சுட்டாள். குண்டு புறப்பட்டது. புறப்பட்ட அளவிலேயே களைத்து, ஏழெட்டு அடி தள்ளி நின்ற கோழிக்கு முன்னால் விழுந்தது. கோழி தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது.

ஒருவரும் சிரிக்கவில்லை. கோசலா பிஸ்டலை மேசையில் வைத்தாள், மெதுவாக, ஒரு பழுதில்லாத சாமானை வைப்பதுபோல.

“விடுங்கோ மாமா. நான் ரெலிபோன் பண்ணி வரேல்லை எண்டு சொல்லிறன்.”

“ஏன் பிள்ளை, இன்னும் ஒரு செருப்புக் கிடக்கு.”

வருடம் முழுவதும் வேலை முடிந்து வந்து, அரிசி மூட்டையளவு மண்மூட்டைக்கு முன்னால் நின்று, தினமும் நாற்பது தரம் அந்தக் கையை நீட்டியவள் அவள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் எதையாவது வாசிப்பேன்.

பிஸ்டல் பெட்டிக்குள், பாகங்களைக் காட்டும் ஒரு படத் தாள் மடித்துக் கிடந்தது. குலசிங்கம் அதைத் திறந்ததே இல்லை. மடிப்பு அப்படியே இருந்தது. இந்த இனத்தவருக்குப் படத் தாள் என்றால் அது தங்கள் மூளையைப் பற்றிச் சொன்ன அவதூறு. நான் என் கண்ணாடியின் இடது காலை ஒருமுறை அழுத்திச் சரிசெய்துகொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தேன். கடைசி வரியில் ஒரு சிறிய பை படமாக வரையப்பட்டிருந்தது: மாற்றுச் சீல்கள், பெரியது ஒன்று, சிறியது ஒன்று, பஞ்சணைக்கு அடியில்.

பெட்டிக்குள் பிஸ்டல் கிடக்கும் பஞ்சணையைத் தூக்கினேன். பை இருந்தது. வெறும் பை. அதைக் கசக்காமல், நான்காக மடித்து, இருந்த இடத்திலேயே வைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு வளையங்களின் தடம் இன்னும் வட்டமாகத் தெரிந்தது.

நான் கோசலாவைப் பார்த்தேன். அவள் எனக்குத் தெரியாது என்று தலையாட்டினாள். நான் குலசிங்கத்தைப் பார்த்தேன். குலசிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த மணிக்கூட்டை யாராவது பார்த்தால் அவர்கள் நேரம் பார்க்கவில்லை என்று பொருள்.

“எங்கை போட்டனீர்?”

“எதை?”

வெறும் பையைத் தூக்கிக் காட்டி ஒரு கேள்வி கேட்டால், எதை என்று கேட்பவர் குற்றவாளி. நான் எழுந்து குசினிக்குள் போனேன். ஏனென்றால் அப்போதுதான் எனக்கு ஒரு விசயம் ஞாபகம் வந்தது. குசினி மூலையில் குடிதண்ணீர்ப் பீப்பா இருக்கிறது. எங்கள் கிணறுகள் உவர். குடிக்கும் தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். அந்தப் பீப்பாவின் பைப்புக்குக் கீழே எத்தனையோ வருடங்களாக ஒரு தகரப் பேணி இருந்தது. சொட்டு, சொட்டு, சொட்டு. இரவில் போனாலும் பகலில் போனாலும் அந்தச் சத்தம் கேட்கும். இப்போது பேணி இல்லை. சத்தமும் இல்லை.

“இலட்சுமிப்பிள்ளை, உந்தப் பைப் எப்ப நிண்டது?”

அவள் முகம் மலர்ந்தது. “போன வருசத் தைப்பொங்கலுக்குப் பிறகு அக்கா. இவர்தான் திருத்தினவர். நம்பமாட்டீங்கள், ஒரு சொட்டு இல்லை. முப்பத்தாறு வருசத்திலை இவர் ஒழுங்காத் திருத்தினது இது ஒண்டுதான்.”

“ஒழுங்காத்தான் திருத்தியிருக்கிறார். ஒறிஜினல் சீல் போட்டு.”

வாசல் நிலையில் குலசிங்கம் வந்து நின்றார். இனி மறைக்க ஏலாது என்று கண்டவுடன் நிமிர்ந்து நின்றார். “என்ன பிழை? ஒறிஜினல் சாமான் அக்கா. எவ்வளவு அருமையான றப்பர். அதைக் கொண்டுபோய்க் கடதாசியிலை ஓட்டை போடுற சாமானுக்குப் போடுறதோ? தண்ணி முக்கியமோ, கடதாசி முக்கியமோ?”

இதுதான் நான் சொன்ன அந்த முக்கியமான தேவை. பிஸ்டலின் சீல் தண்ணீர்ப் பைப்பில். செருப்பின் அடி பிஸ்டலில். இதற்குள் ஒரு நியாயமும் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். பவுசர் வாரத்துக்கு இரண்டு தரம். பேணியில் விழும் ஒவ்வொரு சொட்டையும் மனைவி தூக்கித் தூக்கிப் பீப்பாவில் திரும்ப ஊற்றுவதைப் பார்த்த மனிதர் அவர்.

கோசலா சீல் எங்கே இருக்கிறது என்று விளங்கியதும் மாமனுக்குப் பின்னால் தயங்கி நின்றாள். மாமியிடம் தண்ணீரைக் கேட்பது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. இலட்சுமிப்பிள்ளை பைப்பைப் பார்த்தாள். பதினெட்டு மாதம் ஒழுகாத பைப்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் கணவனிடம். “அந்தப் பெரிய பானை ரண்டையும் கழுவிக்கொண்டு வாங்கோ.”

“ஏன்?”

“பீப்பாத் தண்ணியை மாத்த. பிள்ளை நாளைக்குச் சுடவேணும். நீங்கள் ஒறிஜினலை எடுத்தால் நான் பேணியை எடுக்கிறன். எனக்குப் பழகின பேணிதானே.”

பிறகு நடந்த வேலை ஒழுங்காக நடந்தது, ஏனென்றால் செய்தது நானும் கோசலாவும். குலசிங்கம் வெளிச்சம் பிடித்தார். பைப்பைக் கழற்றினோம். இரண்டு வளையங்களும் உள்ளே கறுப்பாக, வட்டமாக, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தன. கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, விரலால் அமர்த்தி விட்டுப் பார்த்தேன். நிமிர்ந்தன. பிஸ்டலிலிருந்து செருப்பையும் நல்லெண்ணெயையும் துடைத்தெடுத்தோம். பெட்டிக்குள் பட்டாணியளவு கிறீஸோடு ஒரு சின்ன ரியூப் இருந்தது. அது திறக்கப்படவே இல்லை. “அதை வைச்சிருக்கிறன்,” என்றார் குலசிங்கம். “வைச்சிருந்தது காணும்,” என்று வாங்கினேன். நகத்தால் நெம்பாமல், உருட்டி உருட்டி, முறுகாமல் ஒவ்வொன்றையும் அதன் பள்ளத்தில் இருத்தினோம். வெளிச்சத்தைக் கண்டபடி திருப்பாதையும் என்று வெளிச்சம் பிடித்தவருக்கு மூன்று தரம் சொன்னேன்.

கோசலா நெம்பியை மூடினாள். மூடும்போது அவள் முகம் சுளித்தது.

“கை நோகுதோ?”

“ஓம் அன்ரி,” என்றாள். சிரித்தாள்.

குழாய் வாயில் பஞ்சு ஆடவில்லை. காதுக்குழலில் ஒரு சத்தமும் இல்லை. நல்ல நெஞ்சு. ஐந்து குண்டு சுட்டாள். அட்டையில் ஐந்து துளைகளையும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயால் மூடலாம். அதில் மூன்று நடுக் கறுப்பு வட்டத்துக்குள்.

குசினியில் பைப் காத்துக்கொண்டிருந்தது. அதற்குப் போட ஒன்றுமில்லை, செருப்பு வட்டங்கள் இரண்டைத் தவிர. குலசிங்கம் கழுவிப் போட்டார். பீப்பாவை நிறைத்தோம். இலட்சுமிப்பிள்ளை பேணியைக் கீழே வைத்தாள். நால்வரும் நின்று பார்த்தோம். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீருக்கு அவ்வளவு அவசரம் இல்லை. காற்றுக்குத்தான் அவசரம்.

குலசிங்கம் இரண்டு அடி பின்னால் போனார். நான் கையை உயர்த்தினேன்.

“சொல்லாதையும்.”

“நான் அப்பவே சொன்னனான்,” என்றார். “செருப்பு நல்ல றப்பர்.”

அடுத்த நாள் கோசலா முதல் பஸ்ஸில் போனாள். பின்னேரம் வந்தாள். முந்நூற்று நாற்பத்தேழு. கடைசிப் பத்துச் சூடும் முதல் பத்தைப் போலவே போயிற்றாம். நேரே மாமியின் குசினிக்குப் போய்ப் பைப்பைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னாள். குலசிங்கம் அன்று இரவுக்குள் கரம்பொன் முழுவதற்கும், பாலம் தாண்டிப் புங்குடுதீவிலுள்ள சொந்தக்காரருக்கும் தான் பிஸ்டல் திருத்திய கதையைச் சொல்லி முடித்திருந்தார். கதையில் நான் வெளிச்சம் பிடித்தேன்.

எனக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார். போகும்போது படலையில் நின்று, “அக்கா, உங்கடை கண்ணாடிக் காலிலை உது என்ன?” என்றார்.

“பிளாஸ்ரர்.”

“எத்தினை நாளா?”

“உமக்கு ஏன்?”

உண்மையில் இரண்டு வருடம். மூட்டுத் திருகாணி விழுந்த அன்று காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரைச் சுற்றினேன். அழுக்கானால் மாற்றுவேன். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீருக்கு முன், கண்ணாடிப் பெட்டியை எடுத்தேன். சும்மாதான் எடுத்தேன். துடைக்கும் சீலையைத் தூக்கினேன். அடியில் நகத்தளவு ஒரு பை. அதற்குள் ஒரு திருகாணி. கடைக்காரர் தந்த நாளிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. ஒறிஜினல்.

வாசகரே, நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். சிரித்து முடிந்ததும் உங்கள் வீட்டில் ஒரு பெட்டியின் பஞ்சணையைத் தூக்கிப் பாருங்கள். குசினி மேசை லாச்சியின் பின்மூலையையும் பாருங்கள். பிறகு உங்கள் கதிரைக் காலின் கீழே மடித்து வைத்திருக்கும் கடதாசியைப் பாருங்கள்.

நான் அந்தப் பையைத் திறக்கவில்லை. அவ்வளவு சின்னத் திருகாணிக்கு ஒரு தனி ஆயுதம் வேண்டும். அதற்கு யார் யாழ்ப்பாணம் போவது? பையை நான்காக மடித்துச் சீலைக்கு அடியில் திரும்ப வைத்தேன். புதிய பிளாஸ்ரரில் ஓர் அங்குலம் வெட்டி, கண்ணாடிக் காலில் இறுக்கிச் சுற்றி, மூக்கில் வைத்து, இரண்டு அடி பின்னால் போய்ச் சுவர்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன்.

காணும்.